தண்ணீர் போட்ட பாதை

ஸ்பெயினின் கிரானடாவுக்குப் போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்துவிட்டு, மறுநாளே பார்சிலோனாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அரண்மனைத் தோட்டத்தில் நின்று தென்கிழக்கே பார்த்தால் பனி மூடிய ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் சியரா நெவாடா. அதன் உச்சியான முலாசேன் 3,479 மீட்டர் உயரம். ஸ்பெயினின் பெருநிலப் பகுதியில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது.  அந்த மலைத்தொடரின் மறுபக்கச் சரிவில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர்களுக்கு அல்புஹாரா என்று பெயர். மலையேறும் வீரர்களை விட்டுத்தள்ளுங்கள். முழங்கால் கொஞ்சம் முனகும் வயதிலும் நாலைந்து மணி நேரம் நடக்க ஆசைப்படுகிறவர்கள் போகவேண்டிய இடம் இது.

இவ்வளவு செங்குத்தான மலையில் எப்படிச் சுகமாக நடக்க முடிகிறது? காரணம் வாய்க்கால்கள். அங்கே அவற்றை அசேக்கியா என்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முஸ்லிம் அரசுகளின் காலத்தில், அரபு, பெர்பெர் குடியானவர்கள் மலையின் இடுப்பைச் சுற்றி வெட்டியவை அவை. சியரா நெவாடாவில் மட்டும் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் கரையை அரித்துவிடும், தேங்கினால் மண் படிந்து தூர்ந்துவிடும். ஆகவே கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய சரிவாகப் பார்த்து வெட்டினார்கள். வாய்க்காலைக் கவனிக்க ஆள் தினமும் நடந்தாக வேண்டும் என்பதால் கரையோரமே ஒற்றையடிப் பாதையும் விழுந்தது. இன்று நாம் நடப்பது அந்தப் பாதையில்தான். நமக்காக யாரும் அதைப் போடவில்லை.

கிட்டப்போய்ப் பார்த்தால் வாய்க்கால் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஒரு மீட்டர் அகலம் இருந்தால் அதிகம். பல இடங்களில் சிமென்ட் கிடையாது. அடியில் மண்ணும் கல்லும், இருபுறமும் புல் வேர் பிடித்த கரை. வயலுக்குத் தண்ணீர் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பலகைக் கல் அல்லது துருப்பிடித்த தகடு, இடுக்கை அடைக்க வெட்டியெடுத்த புல் கட்டி. மடை என்றால் அவ்வளவுதான். அதைத் திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஒரு ஆள் உண்டு. நம் ஊர் நீர்க்கட்டி செய்கிற அதே வேலை. அங்கே அவரை அசேக்கியேரோ என்பார்கள். யாருக்கு எத்தனை மணி நேரம் முறைத் தண்ணீர் என்பது அவருக்கு மனப்பாடம். இரவில் வரும் தண்ணீர் வீணாகாமல் இருக்கத் தோட்டத்தின் மேட்டில் சிறு தொட்டிகள் கட்டியிருப்பார்கள்.

இதைவிட வியப்பு மேலே இருக்கிறது. பனி உருகும் காலத்தில் ஆறு பொங்கி வரும். ஆனால் வயலுக்குத் தண்ணீர் தேவைப்படுவது கோடையில். அணையும் கட்டாமல் அதை எப்படிச் சேமிப்பது? உயரத்தில் வெட்டிய சில வாய்க்கால்கள் வயலுக்கே போவதில்லை. உருகும் நீரைத் திருப்பிக் கொண்டுபோய், நீர் உறிஞ்சும் சரிவுகளில் வேண்டுமென்றே கொட்டிவிடுகின்றன. மலைக்குள் இறங்கிய தண்ணீர் வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் கழித்துக் கீழே ஊற்றாக வெளிவருகிறது. கரேயோ என்று பெயர் இந்த முறைக்கு. எந்தச் சரிவில் விட்டால் எந்த ஊற்று பெருகும் என்பது தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்த கணக்கு. பாடப்புத்தகத்தில் ‘நிலத்தடி நீர்ச் செறிவூட்டல்’ என்று இன்று படிப்பதை அந்தக் குடியானவர்கள் மண்வெட்டியோடு செய்து முடித்திருக்கிறார்கள்.

அவர்கள் அங்கே நிலைத்திருக்க விடப்படவில்லை. 1492-இல் கிரானடா கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்தது. பிறகு மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள், மொழிக்கும் உடைக்கும்கூடத் தடை வந்தபோது, 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த மலையில்தான் கிளர்ந்தெழுந்தார்கள். 1571 வரை நீடித்த போர் கொடூரமாக ஒடுக்கப்பட்டது. மக்களைக் கூட்டம் கூட்டமாக வேறு மாகாணங்களுக்கு ஓட்டினார்கள். காலியான வீடுகளில் வடக்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வந்தவர்களுக்கு இந்த வாய்க்கால் சூட்சுமம் எதுவும் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஊருக்கு இரண்டு பழைய குடும்பங்களை மட்டும் நிறுத்தி வைத்தார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஊரைவிட்டு விரட்டியவர்களுக்கும் அவர்களுடைய அறிவு தேவைப்பட்டது.

முதல் தடவை போகிறவர்களுக்கு பொகெய்ரா பள்ளத்தாக்குதான் சரி. பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று வெள்ளை ஊர்கள். கீழே இருப்பது ஏறத்தாழ 1,060 மீட்டர், மேலே இருப்பது 1,430-க்கும் மேல். கிரானடாவிலிருந்து வரும் பேருந்து மேல் ஊர் வரை போகும். ஆகவே கப்பிலெய்ரா வரை டிக்கெட் எடுங்கள். இறக்கத்திலேயே நடந்து பம்பனெய்ரா வந்து சேருங்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்று சட்டமில்லை. வழியெல்லாம் கல்சுவர் கட்டி ஏந்திய படிக்கட்டு வயல்கள், கஷ்கொட்டை மரங்கள், வாதுமை, செர்ரி, அத்தி. உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்ட சின்னப் பாத்திகள். அங்கங்கே கல் பாவிய வட்டமான களங்கள் கிடக்கும். காற்று நன்றாக வீசும் மேடாகப் பார்த்துப் போட்டவை. கழுதையைச் சுற்றவிட்டுத் தானியம் அடித்த இடத்தில் இப்போது நடைக்காரர்கள் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். ஸ்பெயினின் மற்ற கிராமங்களில் இருக்கும் ஓடு இங்கே கிடையாது. தட்டையான மொட்டைக் கூரை. கஷ்கொட்டை உத்திரம், அதன்மேல் கற்பலகை, அதற்கும் மேலே லவுனா என்ற சாம்பல் நிறக் களிமண். ஈரம் பட்டால் இறுகி, மழை உள்ளே இறங்காமல் தடுக்கும் மண் அது. மொரோக்கோவின் அட்லஸ் மலை வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாடை உடனே பிடிபடும்.

இன்னும் நிதானமாக நடக்க வேண்டுமானால் கிழக்கே லா தாஹா என்ற சிற்றூர்க் கூட்டத்துக்குப் போகலாம். ஃபெரெய்ரோலா என்ற குக்கிராமத்துக்கு வெளியே ஓர் ஊற்று உண்டு. இரும்புச்சத்தும் இயற்கையான குமிழியும் சேர்ந்த தண்ணீர். கைகளில் ஏந்திக் குடித்தால் இனிப்பில்லாத சோடாவில் ஆணியைப் போட்டு வைத்த ருசி. சிலருக்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் வருகிறவர்கள் இவ்வளவு உயரம் ஏறாமல், கிரானடாவுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் லெக்ரின் பள்ளத்தாக்கிலேயே நின்றுவிடலாம். ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆலிவும் நிறைந்த தாழ்வான பூமி. ஜனவரியில் மரம் முழுக்கப் பழம். சந்தை விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாத வருடங்களில் அவை உதிர்ந்து மரத்தடியிலேயே கிடக்கும். பார்க்க அழகாக இருக்கும். விவசாயியிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

வெளிநாட்டார் இங்கே வந்து தங்குவது புதிதல்ல. ஜெரால்ட் பிரெனன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய கையோடு, குறைந்த வாடகைக்கு வீடு தேடி 1920-இல் யெஹென் என்ற அல்புஹாரா ஊருக்கு வந்து சேர்ந்தார். கூடவே பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். 1923-இல் எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் அவரைப் பார்க்க அங்கே வந்தார். அந்த வாழ்க்கையைப் பற்றி பிரெனன் எழுதிய நூல் 1957-இல் வெளியானபின் வெளிநாட்டார் வரத்து கூடிற்று. திபெத்திய பௌத்தத் தியான மையம்கூட 1980-களில் பொகெய்ரா பள்ளத்தாக்கின் மேல் வந்துவிட்டது. புபியோனில் பிறந்த ஒரு ஸ்பானியக் குழந்தையை லாமாவின் மறுபிறவி என்று அறிவித்து, மைசூருக்குப் பக்கத்தில் இருக்கும் பைலகுப்பே மடத்துக்குப் படிக்க அனுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? நடந்த கதை.

இவ்வளவு பேர் வந்தும் வயல்களில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. 1950-களுக்குப் பிறகு இளைஞர்கள் பார்சிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். தூர் வார ஆளில்லாத வாய்க்கால் ஓரிரு வருடத்தில் முள்ளடைந்துவிடும்; அதோடு பாதையும் போய்விடும். இன்னொரு பக்கம், சிக்கனம் என்ற பெயரில் வாய்க்காலைக் குழாயாக மாற்றும் திட்டங்கள். கணக்குப்படி சேதாரம் குறையும், உண்மைதான். ஆனால் அந்தச் சேதாரத்தைக் குடித்துத்தான் கரையோரக் கஷ்கொட்டை மரங்கள் நிற்கின்றன, கீழ் ஊர் ஊற்றும் சுரக்கிறது. சிறுகச் சிறுகக் கசிவதற்கென்றே வெட்டிய ஒன்றை ஒழுகுகிறது என்று குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நல்ல சேதியும் இருக்கிறது. கிரானடா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் ஹோசே மரியா மார்ட்டின் சிவான்டோஸ் தலைமையிலான குழு, 2014-இல் கான்யார் என்ற ஊரில் பல காலமாக வறண்டு கிடந்த பார்ஹாஸ் வாய்க்காலை மீட்டெடுத்தது. மாணவர்களும் தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மண்வெட்டியால் தூர்வாரித் தண்ணீர் விட்டார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் வேறு வேறு ஊர்களில் இந்த வேலை நடக்கிறது. வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே, ஜூன் அல்லது அக்டோபர் நல்லது. ஆகஸ்ட் நடுப்பகல் வெயிலில் நடக்கவே கூடாது. வெள்ளை-சிவப்புக் கோடு நெடுந்தூரப் பாதை, வெள்ளை-மஞ்சள் குறுந்தூரப் பாதை. பெருக்கல் குறி கண்டால் வழி தவறிவிட்டீர்கள் என்று அர்த்தம். சாப்பாட்டுக் கடையில் ஊர்த் தட்டு என்று கேட்டால் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டையோடு பன்றித்தொடையும் ரத்தத் தொத்திறைச்சியும் வரும். சைவர்கள் உருளைக்கிழங்கை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். முக்கியமாக ஒன்று: வாய்க்கால் கரையின் விளிம்பை மிதிக்காதீர்கள். மடையில் கல்லும் புல்லும் வைத்து அடைத்திருந்தால், ஏதோ குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கீழே யாருடைய முறையோ ஓடிக்கொண்டிருக்கும்.