கூலியில்லாத் தண்டனை, கூலியுள்ள உழைப்பு

ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவான பொருளைத் திருடி, முதன்முறையாகக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் அந்தப் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் சிறைக்குப் போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி அவருக்குரிய தண்டனை சமூக சேவை. குடிபோதையில் பொது இடத்தில் ரகளை செய்வது, அவதூறு உள்ளிட்ட ஆறு குற்றங்களுக்கு இந்தத் தண்டனையை விதிக்கலாம். இது நமக்கு முற்றிலும் புதிதல்ல. 2022-லேயே, பைக் சாகசம் செய்து கைதான இளைஞருக்கு, அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனையுடன் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது.

ஆனால் ஜாமீன் நிபந்தனை வேறு, தண்டனை வேறு. தண்டனையாக விதிக்கப்படும் சமூக சேவைக்குக் கூலி கிடையாது. அதைவிட முக்கியம், குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவாகிவிடும். ‘நாலு நாள் வேலைதானே’ என்று அவசரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், பின்னாளில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கலாம். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்படுபவருக்கோ, தண்டனையால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது என அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவே சொல்கிறது. அந்த வழி தனக்குக் கிடைக்குமா என்று வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது நல்லது.

சிறைக்குள் செய்யும் வேலைக்கு வேறு விதி.

கடுங்காவல் தண்டனை பெற்றவரைத்தான் உழைக்கச் சொல்ல முடியும். விசாரணைக் கைதியைக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் அவர் வேலை செய்யலாம். உழைக்கும் கைதிக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் கைதிகள் பெட்ரோல் பங்க்குகளில் வேலை பார்க்கிறார்கள். புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் 2023-ல் திறக்கப்பட்டது. கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பிலும் உள்ள திறந்தவெளிச் சிறைகளில் விவசாயம் நடக்கிறது. கையில் தொழிலும் கணக்கில் கொஞ்சம் பணமுமாக வெளியே வருபவருக்கு, பழைய சகவாசத்திடம் கையேந்த வேண்டிய நிலை குறைகிறது. அதனால்தான் கூலியைச் சலுகையாக நினைக்கக் கூடாது.

யாருக்கு எந்த வேலை என்பதிலும் உரிமை உண்டு. சமையல் ஒரு சாதிக்கு, கழிவறை சுத்தம் இன்னொரு சாதிக்கு என்று பிரித்த சிறை விதிகளை 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பகுதியையும் நீக்கச் சொன்னது.

இந்த உரிமைகள் மீறப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் கிடைப்பார். குடும்பத்தார் 15100 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். நீதிமன்றத்துக்குக் கடிதமும் எழுதலாம்: திகார் சிறையில் சக கைதி சித்திரவதைக்கு உள்ளானதைப் பற்றிச் சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று விசாரித்தது. அடுத்த முறை சிறைக்குக் கைதியைப் பார்க்கப் போகும்போது, என்ன வேலை, எவ்வளவு கூலி, அதில் எவ்வளவு பிடித்தம் என்ற மூன்றையும் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால் முறையீட்டுக்கு அதுவே ஆதாரமாகும்.