ஆண்டெனாவும் அது நிற்கும் இடமும்

கம்பியில்லாச் செய்தித் தொடர்பிலே ஆற்றல் பெரிதோ, இடம் பெரிதோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

பெரியதொரு மண்டபத்தின் நடுவே பேரொளி விளக்கொன்றைத் தூக்கினால் அதன் கீழிருப்பார்க்குக் கண் கூசும். தூண்மறைவில் இருப்பார்க்கோ எழுத்துந் தெரியாது. அவ்வெண்ணெயையே பல அகல்களிற் பகிர்ந்து வார்த்துத் தூண்தோறும் வைப்பின் எல்லாரும் படிக்கலாம். வானலைகளை விடுப்பதும் ஏற்பதுமாகிய ஆண்டெனாவின் இயல்பும் இத்தகையதே.

1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அட்லாண்டிக் கடலைக் கடந்துவந்த குறியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்த காலத்தில் வேண்டப்பட்டது தொலைவு. இன்றோ ஒரே கட்டடத்துள் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே பேசுகின்றனர். சுவர்களோ அலையைத் தடுக்கின்றன. 1987-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாலே, ருஸ்தாகோ, ரோமன் என்னும் மூவர், பெருங்கட்டடத்தின் நடுவே ஓர் ஆண்டெனாவை நிறுத்துவதற்கு ஈடாகப் பலவற்றைப் பரப்பி வைப்பின், அலை மெலிதலும், சுவர்களில் மோதிப் பிந்திவரும் அலைகளால் நேருங் குழப்பமும் பெரிதுங் குறையுமெனக் காட்டினர்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவாம். திறந்த வெளியில் அலையாற்றல் தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். தடைகள் நிறைந்தவிடத்து நான்காம் படிக்கேற்பக் குறைவதுமுண்டு. 400 மீட்டர் நீளமுள்ள நடைக்கூடத்தின் நடுவில் ஓர் ஆண்டெனா நின்றால், கடைக்கோடியில் இருப்பவர்க்குத் தொலைவு 200 மீட்டர். அதனை இரண்டாக்கி இரு முனைகளிலும் நிறுத்தினால், நடுவில் இருப்பவர்க்கு அதே 200 மீட்டர். பெற்ற பயன் ஒன்றுமில்லை. 100-ஆவது, 300-ஆவது மீட்டர்களில் நிறுத்தினாலோ எவர்க்குந் தொலைவு 100 மீட்டருக்கு மேற்படாது. தொலைவு பாதியாகவே, நான்காம் படிக் கணக்கில் ஆற்றல் 16 மடங்காகும். மொத்த ஆற்றலை இரண்டாகப் பகிர்ந்தமையாற் பாதியைத் தள்ளினும் 8 மடங்கு எஞ்சும். இவ்வளவும் இடந்தேர்ந்த பயனே.

இடத்தோடு இசைவும் வேண்டும். ஓர் அலையின் முகடு மற்றோரலையின் பள்ளத்தோடு கூடின் இரண்டும் அவியும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டரே. ஆதலின் ஒரு சாண் பெயரினும் நிலை மாறும்.

நிற்க, எவர் பொருட்டு இடந்தேர்வது? எல்லார் பங்கின் சராசரியை மட்டும் உயர்த்தக் கருதினால், மக்கள் நெருங்கிய பக்கமே ஆண்டெனாக்கள் சாயும். ஒதுங்கிய மூலையில் இருப்பவர் கைவிடப்படுவர். மிகக் குறைவாகப் பெறுவோரின் பங்கை இயன்றமட்டும் உயர்த்துக என்பது மற்றொரு நெறி. இந்நெறியைத் தழுவி, 2017-இல் லார்சன், மார்செட்டா முதலிய ஐவர், பரந்து நிற்கும் பல ஆண்டெனாக்கள் ஒருங்கிசைந்து யாவர்க்கும் பணிசெய்யும் முறையைக் கணித்தனர். தனித்தனியே இயங்குஞ் சிறுநிலையங்களை நோக்க, 100-க்கு 95 பேர்க்கு உறுதியாகும் செய்தி வேகம் ஏறக்குறைய 5 மடங்காயிற்று.

மருத்துவமனையின் நிலவறையில் நின்று உதவிக்கு அழைப்பவர்க்கு ஊரின் சராசரி என் செய்யும்? அவர் குரல் எட்டுமாறு இடந்தேர்வதே இக்கலையின் பயன் என்பது எம் துணிபு.