நக்கிள்ஸுக்கு வேன் போகுமா?

லோங் வீக்கெண்ட் வந்தா போதும், இன்பொக்ஸ்ல ஒரே கேள்வி. “அண்ணே, மேப்ல நக்கிள்ஸ்னு ஒரு புள்ளி காட்டுதே, அதுவரைக்கும் வேன் போகுமா? தங்க இடம் இருக்கா?”

தம்பி, அங்க ஊரே இல்ல. அந்தப் புள்ளி நிக்கிறது நடுக்காட்டுல. பேர்க்காரணமெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, விட்டுருவோம். நீங்க முதல்ல கேக்க வேண்டியது, “எந்தப் பக்கம்?”

ஏன்னா இது ஒத்த மலை கிடையாது. கண்டி, மாத்தளை ரெண்டு மாவட்டத்துலயும் பரந்து கிடக்குற 30க்கும் மேற்பட்ட சிகரங்கள். நக்கிள்ஸ் சிகரம் 1,863 மீட்டர். அதுதான் பெருசுன்னு நெனச்சீங்களா? கொம்பனிய 1,906 மீட்டர். பேர் ஒருத்தருக்கு, உசரம் இன்னொருத்தருக்கு, நம்ம ஆபீஸ் மாதிரியே.

மத்த மலைநாட்டோட இது ஒட்டவும் இல்ல. நடுவுல தும்பறைப் பள்ளத்தாக்கு, மகாவலி, விக்டோரியா நீர்த்தேக்கம். தனியா நிக்கிறதால ரெண்டு பருவக்காத்தும் வந்து மோதும். மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேல் காத்து. மழை நம்ம கண்டிப் பக்கச் சரிவுலயே கொட்டித் தீந்துரும். முகட்டைத் தாண்டி கிழக்கால மீமுரே பக்கம் இறங்குறது காஞ்ச காத்து. மார்கழி, தையில வடகீழ் காத்து வந்தாத்தான் கிழக்கு நல்லா நனையும். முகட்டுல மரத்தை நிமிர விடுறதே இல்ல இந்தக் காத்து. ஆள் உசரத்துக்கே நின்னுபோன மரங்க, கொப்பெல்லாம் கோணி, மேல முழுக்கப் பாசி. பக்கம் கேளுங்கன்னு நான் சும்மாவா சொல்றேன்?

கொஞ்சம் கீழ இறங்கினா இலைமூக்கு ஓணான். மூக்கு நுனியில தட்டையா, இலை வடிவத்துல ஒரு சதை. இந்த மலைத்தொடரை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அதைப் புடிச்சு செல்ஃபி எடுக்குறவங்களைப் பத்தி நான் பேசினா இந்த வீடியோவைத் தூக்கிருவாங்க.

ஆள் இல்லாத காடுன்னதும் ஆளே போகாத காடுன்னு நெனக்காதீங்க. ஏலத்தோட்டக் கதை இருக்கு. பெரிய மரத்தை நிழலுக்கு விட்டுட்டு, அடிச்செடியை வழிச்சு ஏலம் நடுவாங்க. தூரத்துல இருந்து பாத்தா பச்சைப்பசேல்னு காடு. உள்ள போனா இளங்கன்னே இல்ல. பெரிய மரம் விழுந்தா அந்த இடத்துக்கு வர அடுத்தது இல்ல. காய் உணத்துற ஸ்டோருக்கு விறகும் இந்தக் காட்டுலதான். பிறகு இதைப் பாதுகாப்பு வனமா அறிவிச்சாங்க, 2010ல ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனத்தோட சேத்து யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கிட்டாங்க. எனக்கு ஏலக்காய் டீ புடிக்கும், அது வேற விஷயம்.

தண்ணிக்கு மட்டும் பக்கம் கேக்கத் தேவையில்ல. ஹுலு கங்கை நேரா மகாவலிக்கு வரும், களு கங்கை அம்பன் கங்கை வழியா சுத்தி வரும். எல்லாம் கடைசியில கொட்டியாரக் குடாவுலதான் கடல் சேருது.

ஐயோ, நேரம் முடியுது! கடகடன்னு சொல்றேன். இது தேசியப் பூங்கா இல்ல, வனசீவராசிகள் திணைக்களத்துல போய் டிக்கெட் கேக்காதீங்க. பொறுப்பு வனப் பாதுகாப்புத் திணைக்களம். கண்டிப் பக்கம்னா தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, லூலுவத்த, கோபெட்ஸ் கேப், அப்புறம் மீமுரே. மாத்தளைப் பக்கம்னா ரத்தோட்ட, ரிவஸ்டன், பிட்டவல பத்தன. காட்டுப் பாதையில ஏறணும்னா முன்கூட்டியே அனுமதி எடுத்து, ஊர்க்கார வழிகாட்டி ஒருத்தரைக் கூட்டிக்கங்க. மூடுபனி இறங்கினா குறுக்கு வழி தேடாதீங்க. அட்டைக்கு நீளமான காலுறை. மழைன்னா ஓடையில இறங்கவே வேணாம், மேல பெஞ்சது கீழ தெரியாது. போத்தல், ஷொப்பிங் பேக் எல்லாம் திருப்பிக் கொண்டு வாங்க. பெற்றோலைக் கண்டியிலயே அடிச்சிருங்க!