சம்பள பாக்கியில் பிறந்த ஊர்

எல்லையோர ஊர்கள் – 6

போலந்தின் வடகிழக்கு ஓரத்தில், பியாவிஸ்தோக் நகரிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது குருஷின்யானி. நீளமாக ஒரு தெரு, மரவீடுகள், வயல், பைன் காடு. இன்னும் சில கிலோமீட்டர் போனால் பெலாரஸ். ஊருக்குள் பச்சை வண்ணம் பூசிய மரக் கட்டடம் ஒன்று, முகப்பில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிறது. கிராமத்து மாதா கோயில் என்று நினைத்துக் கிட்டே போய் அண்ணாந்தால், உச்சியில் பிறை. பள்ளிவாசல்!

கத்தோலிக்கர்கள் நிறைந்த நாட்டில் இது எப்படி வந்தது? எல்லாம் ஒரு சம்பள பாக்கியால் வந்தது.

14ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே லித்துவேனியாவில் குடியேறிய முஸ்லிம் குதிரைவீரர்கள் லிப்கா தாத்தாரியர்கள். போலந்து–லித்துவேனிய அரசுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஓயாத போர்களால் கஜானா காலி. சம்பளமும் வரவில்லை, பழைய உரிமைகளும் சுருங்கின. 1672இல் தாத்தாரியப் படைப்பிரிவுகள் வெகுண்டு உஸ்மானியர் பக்கம் போய்விட்டன. 1674இல் அரசரான மூன்றாம் யான் சோபியெஸ்கி, மன்னிப்பு வழங்கி அவர்களைத் திரும்ப அழைத்தார். கையில் காசில்லை, நிலம் இருந்தது. 1679இல் பாக்கிக்கு ஈடாக அதைப் பிரித்துக் கொடுத்தார். குருஷின்யானி, கர்னல் சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கிக்கும் அவருடைய ஆட்களுக்கும் கிடைத்தது.

ஊர்க்கதை வேறு மாதிரி. பார்கனி போரில் அரசரின் உயிரைக் காப்பாற்றியதற்காகக் கர்னலுக்குக் கிடைத்த பரிசு இந்த ஊர் என்பார்கள். ஆனால் பார்கனி போர் நடந்தது 1683இல். நிலம் கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பாக்கியை அடைத்த கதையைவிட உயிரைக் காத்த கதை சொல்ல நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளிவாசலுக்குள் சுவரெங்கும் சட்டம் போட்ட திருக்குர்ஆன் வசனங்கள். பெண்கள் தொழத் தனி இடம். சற்றுத் தள்ளி மரங்கள் அடர்ந்த மேட்டில் மையவாடி. கற்களில் அரபி எழுத்து. கூடவே சிலவற்றில் ரஷ்ய மொழி, சிலவற்றில் போலிஷ். தாத்தாரிய மொழி எப்போதோ நாவிலிருந்து போய்விட்டது. அஹ்மத் என்ற பெயர்கூட 'அக்மத்தோவிச்' என்று போலிஷ் வால் முளைத்துக் குடும்பப் பெயராகிவிட்டது.

போகாதது அடுப்படி. 'பியெரெகாச்செவ்னிக்' என்று ஒரு பண்டம். மாவைக் காகிதம்போல் ஆறு தாள்களாக இழுத்து, ஒவ்வொன்றிலும் வெண்ணெய் தடவி அடுக்கி, மேலே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ பரப்பிச் சுருட்டுவார்கள். அந்தச் சுருளை நத்தை ஓடுபோல் வட்டமாக வளைத்து அடுப்பில் வேகவைப்பார்கள். வெட்டினால் அடுக்கடுக்காகத் தெரியும். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது.

இன்று ஊரில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். தாத்தாரியக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. பாக்கி வைத்த அரசும் 1795இல் வரைபடத்திலிருந்தே மறைந்துபோனது. பிறகு ரஷ்யர் வந்தார்கள், ஜெர்மானியர் வந்தார்கள். 1945க்குப் பின் எல்லைக்கோடு இன்னும் நெருங்கி வந்து, சொந்தபந்தங்களை அந்தப் பக்கம் விட்டுவிட்டது. சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்த நிலத்தில், அதை வாங்கியவர்களின் வாரிசுகளை இன்றும் அடக்கம் செய்கிறார்கள்.

அதே 1679இல் அதே பாக்கிக்காகப் பிறந்த இன்னொரு ஊர் போஹோனிகி. அடுத்த வாரம் அங்கே.

(தொடரும்)