14 பைட் பண்ணின வம்பு

போன செமஸ்டர் ஓஎஸ் மினி ப்ராஜெக்ட்டுக்காக நாங்க மூணு பேர் ஒரு பழைய ஏஆர்எம்9 போர்டுல குட்டி கெர்னல் எழுதிட்டு இருந்தோம். எத்தர்நெட் டிரைவரும் எழுதியாச்சு. போர்டிலிருந்து லேப்டாப்புக்கு பிங் அனுப்பினா பதில் வருது. வயர்ஷார்க்கில் கண்ணால பார்க்கிறோம். ஆனா எங்க கெர்னல் மட்டும் அந்தப் பதிலை வேற யாரோ அனுப்பினதுன்னு நினைச்சுத் தூக்கிப் போடுது. அனுப்பியவர் முகவரியை ப்ரின்ட் பண்ணிப் பார்த்தோம். 192.168.1.10 வரவேண்டிய இடத்தில் 192.168.71.41. அடுத்த பாக்கெட்டில் 192.168.71.40. முதல் பாதி சரி, பின்பாதி ஒவ்வொரு தடவையும் வேற. க்ராஷ் இல்லை, எர்ரர் மெசேஜும் இல்லை. கேபிளை மாத்தினோம், ஸ்விட்ச்சை மாத்தினோம். ரிவ்யூவுக்கு இன்னும் ரெண்டே நாள்.

கோளாறு கேபிளில் இல்லை, அலைன்மென்ட்டில். 4 பைட் எண் ஒன்று 4-ஆல் மீதியில்லாமல் வகுபடும் முகவரியில் தொடங்கினால் அது அலைன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். சி புத்தகத்தில் ஸ்ட்ரக்சர் பேடிங் பற்றிப் படிக்கும்போது இதைப் பார்த்திருப்பீங்க. நம்ம வேரியபிள்களை கம்பைலரே சரியான இடத்தில் வைத்துவிடும். ஆனா நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டை கம்பைலர் அடுக்குவதில்லை. எத்தர்நெட் ஹெடர் 14 பைட். அதனால் பஃபர் சரியான முகவரியில் தொடங்கினாலும், பின்னால் வரும் ஐபி ஹெடர் 14-இல்தான் தொடங்கும். அதில் அனுப்பியவர் முகவரி 12 பைட் தள்ளி, அதாவது மொத்தத்தில் 26-ஆவது இடத்தில். 26-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2.

லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்86 ப்ராசசர் இதைக் கண்டுக்காது, ஒழுங்காகப் படித்துக் கொடுத்துவிடும். அலைன்மென்ட் சோதனையை ஆன் செய்யாத ஏஆர்எம்9 அப்படி இல்லை. 26-இலிருந்து 4 பைட் கேட்டால், அது 24-இலிருந்து 27 வரை எடுத்து, சுழற்றிக் கொடுக்கும். கைக்கு வருவது 26, 27, 24, 25 என்ற வரிசை. 26-லும் 27-லும் இருப்பது 192, 168. சரி, 24-லும் 25-லும் என்ன? ஐபி ஹெடரின் செக்சம்! வயர்ஷார்க்கில் போய்ப் பார்த்தால் அந்த பாக்கெட்டின் செக்சம் ஹெக்ஸில் 47 29. டெசிமலில் 71, 41. பாக்கெட்டுக்கு பாக்கெட் செக்சம் மாறும், அதனால்தான் முகவரியும் மாறியது. இதைக் கண்டுபிடித்தபோது ராத்திரி ரெண்டு மணி. ஹாஸ்டல் வராண்டாவில் கத்தினதுக்கு வார்டனிடம் திட்டு வாங்கினது தனிக்கதை.

ஆனா ஏஆர்பி மட்டும் எப்படி ஒழுங்காக வேலை செய்தது? ஏஆர்பி பதிலில் அனுப்பியவரின் ஐபி முகவரி 28-ஆவது இடத்தில் வரும். அது 4-ஆல் வகுபடும். அதனால்தான் எங்களுக்கு டிரைவர் மேல் சந்தேகமே வரலை.

சரி, எப்படிச் சரி பண்றது? சுலபமான வழி, பஃபரில் 2 பைட் காலியாக விட்டு பாக்கெட்டை இறக்குவது. 14-உம் 2-உம் 16, ஐபி ஹெடர் தானாக அலைன் ஆகிவிடும். லினக்ஸ் டிரைவர்களும் இதையே செய்கின்றன. நெட்_ஐபி_அலைன் என்ற மாறிலியின் மதிப்பு வழக்கமாக 2. எக்ஸ்86-இல் அது 0, ஏன்னா அங்கே தள்ளிப் படிப்பதைவிட டிஎம்ஏ-வைத் தள்ளி எழுதவைப்பதுதான் செலவு அதிகம்.

இங்கேதான் இன்னொரு சிக்கல். சில கன்ட்ரோலர்களில் டிஎம்ஏ-வுக்குக் கொடுக்கும் பஃபர் முகவரியே 4-ஆல் வகுபட வேண்டும். எங்க போர்டும் அந்த ரகம்: முகவரியின் கடைசி இரண்டு பிட்டுக்கு டிஸ்கிரிப்டரில் வேறு வேலை. ஹார்ட்வேருக்கு ஒரு அலைன்மென்ட், ப்ராசசருக்கு வேறொன்று! டேட்டாஷீட்டை மறுபடி புரட்டினபோது, பாக்கெட்டை எத்தனை பைட் தள்ளி எழுதணும்னு சொல்ல ஒரு ரிஜிஸ்டரில் இரண்டு பிட் இருந்தது. அதில் 2 என்று போட்டோம், பிங் ஓடியது.

அப்படி வசதி இல்லாத சிப் என்றால் பாக்கெட்டை வேறு பஃபருக்கு காப்பி பண்ணலாம். இல்லை, ஸ்ட்ரக்சரை பேக்டு என்று அறிவித்தால் இந்த மாதிரி ப்ராசசருக்கு கம்பைலர் பைட் பைட்டாகப் படிக்கும் கோட் போட்டுக் கொடுக்கும். லினக்ஸில் இதுக்கு கெட்_அன்அலைன்ட் இருக்கு. கேரக்டர் பாயின்டரை இன்ட் பாயின்டராக காஸ்ட் பண்ணிப் படிப்பதை மட்டும் விட்டுடுங்க. நாங்க பண்ணின தப்பு அதுதான்.

புது போர்டு வாங்கினால் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. கார்டெக்ஸ்-எம்0 இப்படிப் படித்தால் நேராக ஹார்ட்ஃபால்ட். எம்3, எம்4 சாதாரண மெமரியில் பெரும்பாலும் விட்டுவிடும். பெரிய கார்டெக்ஸ்-ஏ ப்ராசசர்கள்கூட டிவைஸ் ரிஜிஸ்டர் பகுதியில் விடாது. அதனால் அங்கே சாதாரண மெம்காப்பி போடாமல் மெம்காப்பி_டூஐஓ பயன்படுத்துங்க. 32-பிட் ஏஆர்எம் லினக்ஸில் ப்ராக், சிபியு வழியாகப் போனால் அலைன்மென்ட் என்று ஒரு ஃபைல் இருக்கும். கெர்னல் எத்தனை தடவை இப்படிப்பட்ட தவறைப் பிடித்துச் சரிசெய்தது என்ற கணக்கு அதில் வரும். உங்க டிரைவரை லோட் பண்ணினதும் அந்த எண் ஏறினால், முதலில் ஹெடர் படிக்கும் இடத்தைப் பாருங்க.