தண்ணீருக்கு எடுத்த மண்டபம்

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஆயி மண்டபம். வளைவு வாயில்களும் கிரேக்க, ரோமானியப் பாணித் தூண்களும் கொண்ட இந்த மண்டபம் ஊருக்குக் குடிநீர் வந்த மகிழ்ச்சியில் எழுப்பப்பட்டது. பிரான்சை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட (1852–1870) காலத்துக் கட்டடம் இது.

கடலோர நகரத்துக்கு நல்ல தண்ணீர் எப்போதும் அருமைதான். மேற்கே முத்தரையர்பாளையத்திலிருந்து கால்வாய் வழியாக நீரைக் கொண்டுவந்து பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். அங்கிருந்த குளத்தை வெட்டியவள் ஆயி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த வழியே சென்ற கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் சினந்து, இடிக்கச் சொன்னார். ஆயி தானே வீட்டை இடித்து, அதே இடத்தில் ஊருக்கெனக் குளம் வெட்டினாள்.

நீர் வந்து சேரும் இடத்தைச் சிறப்பிக்கும் வழக்கத்துக்குப் பேர்போன நகரம் ரோம். அங்குள்ள ட்ரெவி நீரூற்று, கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா அமைத்த நீர்வழியின் முனையில் இருக்கிறது. சுமார் 26 மீட்டர் உயரம், 49 மீட்டர் அகலம். நிக்கோலா சால்வியின் வடிவமைப்பில் 1732-இல் தொடங்கிய வேலை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1762-இல் முடிந்தது. பாறையும் சிலைகளும் பாயும் நீரும் கலந்து பார்ப்பவரைத் திகைக்கவைப்பது பரோக் கலையின் இயல்பு. ட்ரெவியில் அதை முழுமையாகக் காணலாம். ரோமின் நவோனா சதுக்கத்தில் பெர்னினி 1651-இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்றில், நைல், டானூப், ரியோ டி லா பிளாட்டா ஆகியவற்றோடு நம் கங்கையும் சிலையாக அமர்ந்திருக்கிறது.

ட்ரெவிக்கும் ஒரு பெண்ணின் கதை உண்டு: தாகத்தோடு வந்த வீரர்களுக்கு ஊற்றைக் காட்டிய கன்னி. அவள் அங்கே சுவரில் ஒரு சிற்பமாக மட்டும் இருக்கிறாள். உச்சியில் பொறித்திருப்பது போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமெண்டின் பெயர். புதுச்சேரி மண்டபத்தில் பரோக்கின் ஆரவாரம் கிடையாது. ஆனால் பேரரசரின் காலத்தில் எழுந்த கட்டடத்துக்கு ஒரு தாசியின் பெயர் நிலைத்துவிட்டது. அந்த வகையில் ட்ரெவியைவிட இதுவே உயர்ந்த நினைவுச்சின்னம். புதுச்சேரி அரசின் இலச்சினையிலும் ஆயி மண்டபமே இடம்பெற்றிருக்கிறது.