இணைய விற்பனையும் இரகசிய எண்ணும்

தெருவில் கூறும் ஏலத்தில் பொருளும் கேட்பவரும் கண்முன் நிற்பர். இணைய ஏலத்திலும் விற்பனையிலும் இரண்டுமே திரைக்குப் பின்னால் இருக்கின்றன. மோசடி அங்கேதான் நுழைகிறது.

பெசன்ட் நகரில் வீடு மாறும் குடும்பம் ஒன்று, தன் பழைய தேக்குக் கட்டிலை இணையத்தில் விற்க முன்வருகிறது எனக் கொள்வோம். சில நிமிடங்களில் அழைப்பு வருகிறது. பேசுபவர் தம்மை இராணுவ வீரர் என்கிறார். கட்டிலைப் பாராமலே கேட்ட விலைக்கு ஒப்புகிறார். ஐயம் இங்கேயே எழ வேண்டும். பழம்பொருளைப் பேரம் பேசாமல் வாங்குவோர் அரியர். பின்னர்க் கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, "இதை வருடி இரகசிய எண்ணை இடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறார். நாட்டின் பல நகரங்களில் பதிவான முறை இது. யுபிஐ வழியே பணம் செலுத்தவே அவ்வெண் வேண்டும், பெறுவதற்குத் தேவையில்லை. எண்ணை இட்டவுடன் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் போய்விடுகிறது.

இழந்தவர் பலர் வெட்கத்தால் வாளாவிருந்துவிடுகின்றனர். ஆனால் இழந்த பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி ரொக்கமாக எடுக்கப்படுவதற்குச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் 1930 என்னும் உதவி எண்ணுக்குத் தெரிவித்தால், வங்கிகள் அதனை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பரிமாற்ற எண், நேரம், அழைத்தவரின் எண், உரையாடலின் திரைப்படிமம் ஆகியவற்றை அழிக்காது வைத்துக்கொண்டு, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிதல் வேண்டும்.